மழைக்கு முன் வடிகால் வாய்: சென்னை வேளச்சேரி, மடிப்பாக்கம், ஆதம்பாக்கம் தெருக்களில் பார்த்தவை

வேளச்சேரியிலிருந்து:
வடகிழக்குப் பருவமழை அக்டோபரில் தொடங்கும். செப்டம்பரிலேயே, மழைநீர் வடிகாலுக்குள் தண்ணீர் இறங்கும் நடைபாதை ஓரத் துளையில் ஒரு வாளி தண்ணீர் ஊற்றிப் பாருங்கள். கடகடவென இறங்கினால் சரி. தேங்கித் தேங்கி வடிந்தால் உள்ளே மண் ஏறியிருக்கிறது. பழைய தாரைச் சுரண்டாமல் மேலேயே புதுச் சாலை போட்ட தெருக்களில் துளையின் பாதி தாருக்குள் போயிருக்கும். அதற்கு நம் மண்வெட்டி உதவாது, மாநகராட்சியின் 1913 தொலைபேசி எண்ணுக்குப் புகார்தான். பக்கத்து விளக்குக் கம்பத்தின் எண்ணைச் சொன்னால் ஆட்கள் இடம் தேடி அலைய வேண்டியதில்லை.

மடிப்பாக்கத்திலிருந்து:
பிளாஸ்டிக் கவர் வாயிலேயே சிக்கிக் கண்ணுக்குத் தெரிந்துவிடும். அதைவிட மோசம் எம்-சாண்ட், அதாவது கல்லை உடைத்துச் செய்யும் கட்டுமான மணல். உள்ளே போய், ஓட்டம் குறைந்த இடத்தில் படிந்து, வடிகாலின் ஆழத்தையே தின்றுவிடுகிறது. கலவை இயந்திரம் கழுவிய சிமெண்ட் தண்ணீர் இறுகிவிட்டால் கடப்பாரைதான். வீடு கட்டுபவர்களிடம் முதலிலேயே பேசிவிடுங்கள்: குவியலுக்கு மேலே தார்ப்பாய், பள்ளப் பக்கம் இரண்டு வரிசை மணல் மூட்டை. நம் பக்கத்து மழைநீர் பள்ளிக்கரணைச் சதுப்பு நிலத்துக்குத்தான் போகிறது. அங்கிருந்து ஒக்கியம் மடுவு என்ற நீர்வழி, பக்கிங்காம் கால்வாய், முட்டுக்காடு என்று கடல் வரை. தெருவில் விட்ட மண் வழியெல்லாம் படியும்.

ஆதம்பாக்கத்திலிருந்து:
குப்பை உள்ளே போகாமலிருக்கத் துளைக்குக் கொசுவலை கட்டலாமா என்று சிலர் கேட்கிறார்கள். வேண்டாம் சார். தூங்குமூஞ்சி மரத்தின் பொடி இலைகள் முதல் மழையிலேயே வலைமேல் பாய் விரித்தாற்போல ஒட்டிக்கொள்ளும், சொட்டுத் தண்ணீர் இறங்காது. இடைவெளி விட்ட இரும்புக் கம்பியே போதும். மழைக்காலத்தில் அதன்மேல் சேர்வதை தினமும் வாரினால் சரி.

வேளச்சேரியிலிருந்து:
வாரிய சேற்றை ஓரத்திலேயே குவிக்காதீர்கள். அடுத்த மழை அத்தனையையும் உள்ளே தள்ளிவிடும். சிமெண்ட் சாக்கில் பாதி மட்டும் நிரப்புங்கள். ஈர மண் முழுச் சாக்கானால் தூக்கவே முடியாது, சாக்கும் கிழியும். குப்பை வண்டிக்காரரிடம் முன்கூட்டியே சொல்லி அன்றே ஏற்றிவிடுங்கள்.

மடிப்பாக்கத்திலிருந்து:
ஒன்று மட்டும் கண்டிப்பாக. வடிகாலின் மூடிப் பலகையைத் தூக்கி யாரும் உள்ளே இறங்கக் கூடாது, கூலிக்கு ஆள் வைத்தும் இறக்கக் கூடாது. வெயில் நாளிலும் கறுப்புத் தண்ணீர் நாற்றத்தோடு நின்றால் யாரோ கழிவுநீர்க் குழாயை அதில் இணைத்திருக்கிறார்கள் என்று அர்த்தம். அங்கே விஷவாயு இருக்கும், ஒரு மூச்சிலேயே ஆள் சாய்ந்துவிடலாம். போட்டோ எடுத்து, குழாய் வரும் பக்கத்தைக் குறித்து, மாநகராட்சிக்கும் குடிநீர் வாரியத்துக்கும் சேர்த்தே புகார் கொடுங்கள்.