விறகுக்கும் கிளை கழிப்பதற்கும் சிறிய செயின்சா: எதை வாங்கலாம்?

கண்மாய்க்கரை கேட்டது:

வணக்கம். சிவகங்கை மாவட்டத்தில் எங்களுக்குக் கொஞ்சம் வானம் பார்த்த புஞ்சை இருக்கிறது. பல ஆண்டுகள் தரிசாகக் கிடந்ததில் சீமைக் கருவேலம் மண்டிவிட்டது. வரப்போரத்தில் வேம்பும் வாகையும் நிற்கின்றன. கருவேலத்தை வெட்டி வீட்டு விறகுக்கு ஆக்குவதும், மழைக்கு முன் வேம்பின் தாழ்ந்த கிளைகளைக் கழிப்பதுமே எனக்குள்ள வேலை. பெரும்பாலான கட்டைகள் தொடைப் பருமனைத் தாண்டா. சில தூர்கள் மட்டும் ஓர் அடி விட்டம் வரும். கடையில் 22 அங்குல பாருடன் (செயின் சுற்றி ஓடும் நீண்ட தகடு) ஒரு 58 சிசி இயந்திரத்தைக் காட்டி, இதைவிடச் சிறியதற்கு எதற்காகக் கூடுதல் விலை கொடுக்கிறீர்கள் என்கிறார்கள். எனக்கு ஐம்பது வயதாகிறது, தனியாகத்தான் வேலை செய்கிறேன். பல ஆண்டுகள் உழைக்கும்படியான ஒன்றைச் சொல்லுங்கள்.

பட்டறைக்காரர்:

ஐயா, உங்கள் வேலைக்கு 30 முதல் 38 சிசி வரையிலான எஞ்சினும் 14 அங்குல பாரும் தாராளம். ஓர் அடித் தூரும் அதில் அடங்கிவிடும். ஸ்டில் நிறுவனத்தின் எம்எஸ் 170 ஏறத்தாழ 30 சிசி, எம்எஸ் 180 ஏறத்தாழ 32 சிசி. இரண்டும் பார், செயின் நீங்கலாக நான்கு கிலோ அளவில் இருக்கும். ஹஸ்க்வர்னா நிறுவனத்தின் 120 மார்க் 2 என்பது 38 சிசி. எடையும் சற்றுக் கூடுதல்.

எடையைவிட நான் அஞ்சுவது அந்த 22 அங்குல நீளத்தைத்தான். சீமைக் கருவேலம் ஒற்றைத் தண்டாக வளர்வதில்லை. ஒரே தூரிலிருந்து பல கிளைகள் பின்னிக்கொண்டு எழும். அந்தப் புதருக்குள் நீண்ட பாரை நுழைத்தால், நீங்கள் அறுக்கும் கட்டைக்கு அப்பால், கண்ணுக்குத் தெரியாத இடத்தில் அதன் நுனி வேறொரு கிளையைத் தொடும். நுனியின் மேற்பாதி மரத்தில் பட்ட கணமே இயந்திரம் உங்கள் முகத்தை நோக்கித் துள்ளும். அப்போது செயினை நிறுத்தும் செயின் பிரேக் இருந்தாலும், குட்டையான பாரில் நுனி எங்கே இருக்கிறது என்று தெரிந்துகொண்டே அறுப்பது போன்ற பாதுகாப்பு வேறில்லை. 58 சிசி இயந்திரங்கள் எல்லாமே மோசம் என்று நான் சொல்லமாட்டேன். மரக்கட்டைகளை வரிசையாகக் கிடத்தி நாள் முழுதும் துண்டு போடுகிறவருக்கு அவை பயன்படும். குனிந்தும் நிமிர்ந்தும் கிளை கழிக்கிற உங்களுக்கு அவை ஆகாது.

கீரமங்கலத்தார்:

மேலே சொன்னதை முழுமையாக ஏற்கிறேன். ஆனால் எந்த இயந்திரம் என்பதைவிடச் செயின் எப்படி இருக்கிறது என்பதே பெரிது. 2018 நவம்பரில் கஜா புயல் எங்கள் பகுதித் தென்னைகளைச் சாய்த்தபோது, பெரிய இயந்திரம் வைத்திருந்தவர்களும் மொட்டைச் செயினோடு மல்லுக்கட்டியதைப் பார்த்தேன். தரையில் கிடக்கும் மரத்தில் ஒட்டிய மண்ணும் மணலும் நொடியில் பல்லை மழுக்கிவிடும்.

அறுக்கும்போது விழும் தூளைக் கவனியுங்கள். சீவல் சீவலாக விழுந்தால் பல் கூராக இருக்கிறது. மாவு போல் கொட்டினால் நிறுத்திவிட்டு அரம் எடுக்க வேண்டும். இந்தச் சிறிய இயந்திரங்களில் வழக்கமாக வரும் செயினுக்கு 4 மி.மீ. உருட்டு அரம் பொருந்தும். பல்லின் மேல் குறித்திருக்கும் 30 பாகைக் கோட்டுக்கு இணையாக, உள்ளிருந்து வெளிநோக்கி மட்டும், எல்லாப் பற்களையும் ஒரே எண்ணிக்கையில் அராவுங்கள். இன்னொன்று: கருவேலத்தைப் பச்சையாக இருக்கும்போதே துண்டு போட்டுவிடுங்கள். காய்ந்த பின் அது செயினைத் தின்றுவிடும். முள்ளையும் மிலாறையும் முதலில் அரிவாளால் கழித்து, நிற்க இடம் செய்துகொண்ட பிறகே இயந்திரத்தை உள்ளே கொண்டு போக வேண்டும்.

வேம்படி:

வேப்பங்கிளைகளுக்கு மட்டும் என்றால் பேட்டரியில் ஓடும் 6 அங்குலக் கைச்செயின்சாவே போதும். மணிக்கட்டுப் பருமன் வரை நன்றாக அறுக்கிறது. கருவேலத் தூருக்கு அது உதவாது.

கண்மாய்க்கரை:

எல்லோருக்கும் நன்றி. எம்எஸ் 170, 180 இரண்டில் ஒன்று என்று முடிவு செய்திருக்கிறேன். எண்ணெய்க் கலவையைப் பற்றியும் சொல்லுங்கள். பழைய எஞ்சின் ஆயிலைச் செயினுக்கு ஊற்றலாம் என்கிறார்களே?

பட்டறைக்காரர்:

வேண்டாம் ஐயா. பழைய ஆயிலில் தேய்ந்த உலோகத் துகள் கலந்திருக்கும். அது பாரின் காடியையும் எண்ணெய்ப் பம்பையும் அரிக்கும். செயினுக்கு ஊற்றும் பார் ஆயில் தனி, எரிபொருளில் கலக்கும் ஆயில் தனி. பெட்ரோலில் ஸ்டில் நிறுவனத்தின் டூ ஸ்ட்ரோக் ஆயிலைக் கலப்பதானால் லிட்டருக்கு 20 மி.லி., அதாவது 50-க்கு 1. இப்போது பெட்ரோலில் 20 விழுக்காடு வரை எத்தனால் வருகிறது, அது ஈரத்தை இழுக்கும். ஆகவே ஓரிரு வாரத்துக்கு வேண்டியதை மட்டும் கலந்துகொள்ளுங்கள். சீசன் முடிந்தால் டாங்கியைக் காலி செய்து, எஞ்சின் தானாக நிற்கும்வரை ஓடவிட்டு வையுங்கள். என் பட்டறைக்கு வரும் சிறிய செயின்சாக்களில் மிகுதியும் பழைய பெட்ரோலால் கார்புரேட்டர் அடைத்துப்போனவையே.

இரண்டில் எது என்றால், தூர் அறுக்கும் வேலையும் உங்களுக்கு இருப்பதால் 180-ஐ எடுங்கள். எடையில் பெரிய வேறுபாடு இல்லை. வாங்கும்போதே கூடுதலாக ஒரு செயினும், அரமும், பாதுகாப்புக் கண்ணாடியும், கெட்டிக் காலணியும் சேர்த்து வாங்கிவிடுங்கள். கருவேல முள் சாதாரணச் செருப்பைத் துளைத்துவிடும்.