இனப்பெருக்கம் வேண்டாம்: இரண்டு சொற்கள் தேவை

மதுரையிலிருந்து, கல்வியியல் ஆசிரியை:

அனைவருக்கும் வணக்கம். எம்.எட். மாணவர்களுக்காக ஆய்வுமுறை பற்றித் தமிழில் ஒரு கையேடு எழுதிக்கொண்டிருக்கிறேன். ரீப்ரொடியூசிபிலிட்டி, ரெப்ளிகபிலிட்டி என்ற இரண்டு சொற்களிடம் வந்து நின்றுவிட்டேன். ஓர் ஆய்வைத் திரும்பச் செய்தால் அதே முடிவு வருமா என்பதைக் குறிப்பவை இவை. போன வாரம் ஒரு மாணவி கொண்டுவந்த கட்டுரையில், 'இம்முடிவு இனப்பெருக்கம் செய்யத்தக்கதல்ல' என்று இருந்தது. ரீப்ரொடியூஸ் என்பதை உயிரியல் பொருளில் எடுத்துக்கொண்ட மொழிபெயர்ப்புச் செயலியின் கைங்கரியம். சிரித்தேன், ஆனால் திருத்தி எழுத என்னிடமும் சொல் இல்லை. உயிரியல் பாடநூலின் 'இரட்டிப்பாதல்' டி.என்.ஏ.வுக்குச் சரி. வகுப்பறை ஆய்வு தானாக இரட்டிப்பாகுமா? 'மறுஆய்வு' என்று எழுதிவிடலாமா?

எங்கள் துறைக்கு இந்தச் சொல் அவசரம். 2014-இல் மேக்கல், பிளக்கர் என்ற ஆய்வாளர்கள் இருவரும் கல்வியியலின் முதல் 100 ஆய்விதழ்களின் முழு வரலாற்றையும் அலசினார்கள். பழைய ஆய்வொன்றைத் திரும்பச் செய்து பார்த்தவை 0.13 விழுக்காடுதான். அந்த வேலைக்கே பெயர் இல்லையென்றால் எந்த மாணவர் அதை எடுத்துச் செய்வார்?

கோவையிலிருந்து, புள்ளியியல் பேராசிரியர் (ஓய்வு):

'மறுஆய்வு' வேண்டாம் அம்மா. நீதிமன்றம் அதை எடுத்துக்கொண்டு வெகுகாலமாகிறது. மறுஆய்வு மனு என்றுதான் வாசகருக்கு நினைவு வரும்.

முதலில் இரண்டுக்கும் வேறுபாடு. 2010-இல் ரைன்ஹார்ட், ரோகாஃப் என்ற இரு பொருளியலாளர்கள், பொதுக்கடன் உள்நாட்டு உற்பத்தியில் 90 விழுக்காட்டைத் தாண்டினால் வளர்ச்சி சராசரியாக மைனஸ் 0.1 விழுக்காடு என்று எழுதினார்கள். தாமஸ் ஹெர்ண்டன் என்ற மாசச்சூசெட்ஸ் ஆய்வு மாணவர் வகுப்புப் பயிற்சிக்காக அதே கணக்கைப் போட்டுப் பார்த்தார், வரவில்லை. ஆசிரியர்களிடமே எக்செல் கோப்பை வாங்கித் திறந்தார். சராசரிச் சூத்திரம் 49-ஆம் வரிசைவரை போக வேண்டியது, 44-இல் நின்றுவிட்டது. ஆஸ்திரேலியா, ஆஸ்திரியா, பெல்ஜியம், கனடா, டென்மார்க் ஐந்தும் கணக்குக்கு வெளியே. இதனுடன் விடுபட்ட ஆண்டுகளையும் எடையிட்ட முறையையும் சரிசெய்தபோது, அதே சராசரி 2.2 ஆனது. அது 2013. தரவு பழையது, கணக்கு மட்டும் திரும்பப் போடப்பட்டது. இது முதலாவது.

இரண்டாவதற்கு 2015-இல் சயன்ஸ் இதழில் வந்த உளவியல் ஆய்வு. 100 பழைய ஆய்வுகளைப் புதிய ஆட்களை வைத்து மீண்டும் நடத்தினார்கள். மூல ஆய்வுகளில் 97 விழுக்காடு புள்ளியியல்படி தேறியவை, அதாவது விளைவைத் தற்செயல் என்று எளிதில் தள்ளிவிட முடியாதவை. திரும்ப நடத்தியபோது தேறியவை 36 விழுக்காடு.

ஆங்கிலமே இதில் தடுமாறியதுதான். கணினியியலாளர் சங்கமான ஏ.சி.எம். இவ்விரு சொற்களையும் பிறர் வழங்குவதற்கு நேர்மாறாக வழங்கிவந்தது; 2020-இல் இடம் மாற்றிக்கொண்டது. நாம் அந்தக் குழப்பத்தையும் சேர்த்து இறக்குமதி செய்ய வேண்டாம்.

என் முன்மொழிவு: முதலாவதற்கு 'மறுகணிப்பு'. இரண்டாவதற்கு நம் மரபிலேயே சொல் இருக்கிறது. முதல்நூல், அதைப் பின்பற்றி எழுதும் வழிநூல் போல முதலாய்வு, வழியாய்வு.

தஞ்சையிலிருந்து, கல்வெட்டுப் படிப்பவன்:

ஐயா, 'வழியாய்வு' என்பதை முதலில் பார்த்தபோது நானும் மயங்கினேன். பிறகு நன்னூலை எடுத்துப் பார்த்தேன். 'முன்னோர் நூலின் முடிபொருங் கொத்து' என்றுதான் வழிநூலின் இலக்கணமே தொடங்குகிறது. வேறுபாடு சொல்லலாம், ஆனால் முடிவு முன்னோருடையதோடு ஒத்திருக்க வேண்டும். நீங்கள் சொன்ன 100 ஆய்வுகளில் பெரும்பாலானவை முன்னோரோடு ஒத்துவராதவை. தோற்பதற்கு இடமில்லாத சொல்லை இந்த வேலைக்கு வைத்தால், வைக்கும்போதே வேலையைக் கெடுத்துவிடுகிறோம்.

'மறுகணிப்பு' என்றால் எனக்கு வானிலையும் தேர்தலும்தான் நினைவுக்கு வருகின்றன. போகட்டும், 'மறுகணக்கீடு' என்று மாற்றினாலும் என்னைப் போன்றவர்கள் வெளியே நிற்கிறோம். நாங்கள் கணக்குப் போடுவதில்லை. ஆனால் நீங்கள் சொன்ன இரண்டும் எங்களிடமும் உண்டு.

கல்வெட்டைத் தாளில் மைப்படி எடுப்பதைப் பார்த்திருப்பீர்கள். கல்லைக் கழுவி, நனைத்த தாளை அதன்மேல் விரித்து, எழுத்துக் குழிக்குள் தாள் இறங்கும்வரை தூரிகையால் அடிப்போம். பிறகு மை ஒற்றினால் கறுப்பில் வெள்ளையாக எழுத்து எழும். அந்தத் தாளை ஒருவர் படித்து வாசகம் வெளியிடுகிறார். பல கல்வெட்டுகளில் மெய்யெழுத்துக்குப் புள்ளி இருக்காது. எகர ஏகார வேறுபாடு இருக்காது. ரகரமும் காலும் (ா) ஒரே வடிவம். அதனால் அதே தாளை நான் மேசைமேல் விரித்துப் படித்தால் வேறு வாசகம் வரலாம். இது ஹெர்ண்டன் செய்த வேலை.

இன்னொன்று, கோயிலுக்கே போய்ப் புதுப்படி எடுப்பது. தாளில் காலாகத் தெரிந்தது கல்லில் வெறும் வெடிப்பாக இருக்கும். இது உளவியலார் செய்த வேலை. எல்லா இடத்திலும் இது முடியாது. திருப்பணியில் மணல் வீச்சு அடித்துக் கல்லையே மழித்துவிட்டால், பழைய தாளோடு நிற்க வேண்டியதுதான். அதனால் எங்களுக்கு இந்த வேறுபாடு வெறும் சொல்லாராய்ச்சி அன்று.

ஆகவே, பொருள் பழையதா புதியதா என்பதைச் சொல் காட்ட வேண்டும். முடிவு என்னவாகும் என்பதைச் சொல் முன்கூட்டியே சொல்லக் கூடாது. 'மறுவாசிப்பு' எனக்குப் பிடித்த சொல், ஆனால் இலக்கிய விமர்சகர்கள் அதற்கு வேறு வேலை கொடுத்துவிட்டார்கள். 'மறுபடி' (மறு + படி!) என்று ஓர் இரவு முழுவதும் மகிழ்ந்திருந்தேன். காலையில் 'மறுபடி மறுபடி செய்யப்பட்டது' என்று எழுதிப் பார்த்ததும் மகிழ்ச்சி போய்விட்டது.

என் முன்மொழிவு எளிமையானது. பழைய பொருளையே வைத்துச் செய்வது 'ஒத்துப்பார்த்தல்'. புதிய பொருளோடு செய்வது 'மறுசெய்கை'.

யாழ்ப்பாணத்திலிருந்து, மொழிபெயர்ப்பாளர்:

'மறு' என்பதற்குப் பதில் 'மீள்' போடலாம் என்று யாரும் தொடங்குவதற்கு முன் சொல்லிவிடுகிறேன். இங்கே 'மீளாய்வு' என்றால் ஏற்கெனவே உள்ளதைப் பரிசீலிப்பது. 'மீள்செய்' மென்பொருளில் ஒரு பொத்தான். 'மீள்பேறு' என்று ஒரு நண்பர் தனிமடலில் எழுதியிருந்தார்; இனப்பெருக்கத்திலிருந்து தப்பி மகப்பேற்று விடுதியில் போய் விழ வேண்டுமா? 'மறுசெய்கை' எங்களுக்கும் விளங்கும்.

கோவையிலிருந்து:

வழியாய்வைத் திரும்பப் பெற்றுக்கொள்கிறேன் தம்பி. நன்னூலை மனப்பாடம் செய்தவன் நான், அந்த அடியை யோசிக்கவில்லை. 'மறுசெய்கை' இருக்கட்டும். ஆனால் 'ஒத்துப்பார்த்தல்' கணக்குப்பிள்ளைச் சொல்லாக இருக்கிறது. ஆய்வேட்டின் தலைப்பில் நிற்குமா? மேலும் அது ஒரு செயலைத்தான் சொல்கிறது. '-இபிலிட்டி' என்ற பண்பு எங்கே?

தஞ்சையிலிருந்து:

கணக்குப்பிள்ளைச் சொல் என்பதால்தான் பிடித்தது, ஐயா. 'கணக்கு ஒத்துவரவில்லை' என்று மளிகைக் கடையில் சொன்னால் யாரும் அகராதி தேடுவதில்லை. ஏட்டுச்சுவடியையும் அச்சுப்படியையும் வைத்துக்கொண்டு வேலை செய்தவர்களுக்கும் பழகிய சொல்தான். ஹெர்ண்டன் எக்செல் கோப்பை வைத்துக்கொண்டு செய்ததும் அதைத்தானே? வினையும் நன்றாக நடக்கிறது: ஒத்துப்பார்த்தார், ஒத்துவரவில்லை. தோல்வியைச் சொல்லத் தனியாகச் சிரமப்பட வேண்டியதில்லை.

பண்புப்பெயருக்காக 'ஒத்துப்பார்க்கத்தக்கதன்மை' என்று எழுதிப் பார்த்தேன். வாயில் நுழையவில்லை. ஆங்கிலம் பெயர்ச்சொல்லில் அடைப்பதைத் தமிழ் வினையில் சொல்லிவிடும். 'இம்முடிவு மறுசெய்கையில் நிற்குமா?' என்று கேட்டால் போதும். தலைப்பு கட்டாயம் வேண்டுமென்றால் 'மறுசெய்கையில் நிலைப்பு' என்று போடலாம். எனக்கு முழுத் திருப்தி இல்லை.

மதுரையிலிருந்து:

நன்றி. நேற்று வகுப்பில் கரும்பலகையில் இரண்டு சொற்களையும் எழுதி, பிள்ளைகளிடம் விளக்காமல் பொருள் கேட்டேன். 'ஒத்துப்பார்த்தல்' உடனே பிடிபட்டது. ஒரு மாணவர் விடைத்தாள் மறுகூட்டல் மாதிரியா என்று கேட்டார். மறுகூட்டல்! விடைத்தாளும் மதிப்பெண்களும் பழையவை, கூட்டல் மட்டும் திரும்ப. கையேட்டில் அந்த எடுத்துக்காட்டையே வைத்துவிட்டேன். 'மறுசெய்கை' சற்றுத் தடுமாறியது. அதே தேர்வைப் பக்கத்து ஊர்ப் பள்ளியில் நடத்துவது என்றதும் தெளிந்தார்கள். பண்புப்பெயருக்கு இடம் விட்டு வைத்திருக்கிறேன்.

தஞ்சையிலிருந்து:

மறுகூட்டல் எனக்குத் தோன்றவே இல்லை. அச்சுக்குப் போகும் என் கட்டுரையில் இன்று ஓர் அடிக்குறிப்பு சேர்த்தேன்: 'பழைய மைப்படியுடன் ஒத்துப்பார்த்தது. மூன்றாம் வரியில் ஒத்துவரவில்லை. கல்லில் இன்னும் மறுசெய்கை நடக்கவில்லை.' பதிப்பாசிரியர் வெட்டுகிறாரா என்று பார்ப்போம்.