ரெசின் ஏற்றிய டர்காய்ஸில் கோத்தால் அது பாரம்பரிய மாலையா?

மணிக்கோவை:
அமெரிக்காவின் நியூ மெக்சிகோவில் உள்ள கேவா புவெப்லோ என்ற பூர்வகுடிக் கிராமத்தில் (சாண்டோ டொமிங்கோ என்றும் பெயர்) செய்யும் ஹீஷி மாலைகளும், அதாவது சிப்பியிலும் கல்லிலும் தேய்த்த சின்ன வட்ட மணி மாலைகளும், நவஹோ பூர்வகுடிகள் அணியும் டர்காய்ஸ் என்ற நீலப்பச்சைக் கல் மாலைகளும் "பாரம்பரிய வேலை" என்றே விற்பனைக்கு வருகின்றன. கல்லைப் பார்த்தால் பலதிலும் ரெசின், அதாவது மெத்தென்ற கல்லைக் கெட்டியாக்க அதற்குள் ஏற்றும் பிளாஸ்டிக் பிசின். இதை ஏற்க முடியாது. டர்காய்ஸ் நுண்துளை உள்ள கல். உடம்பு எண்ணெயை உறிஞ்சி, வருடங்கள் போகப் போக நீலம் பச்சைக்குத் திரும்பும். பழைய மாலைக்கு அந்த நிறமாற்றம்தான் அழகு. ரெசினால் அடைத்த கல் அப்படி முதிராது.

உப்புத்தாள்:
மணி எப்படி உருவாகிறது என்று பார்த்துவிட்டுத் தீர்ப்புச் சொல்லுங்கள் ஐயா. கல்லைத் தகடாக அறுத்து, குறடால் சின்னச் சதுரங்களாக நறுக்கி, ஒவ்வொன்றிலும் துளை போட வேண்டும். பிறகு கம்பியில் நெருக்கிக் கோத்து, சுழலும் சாணைக்கல்லில் முன்னும் பின்னும் உருட்டித் தேய்க்க வேண்டும். சுண்ணாம்பு மாதிரி மெத்தென்ற கல்லாக இருந்தால் துளைப்பான் மறுபக்கம் வெளியே வரும்போதே சில்லு பெயர்ந்துவிடும். தப்பித்தது சாணையில் உடையும், உடைந்த விளிம்பு பக்கத்து மணியையும் கீறும். நல்ல கல்லிலேயே எடையில் பாதிக்கு மேல் தூளாகப் போகிறது. கெட்டியான உயர்தரக் கல் வெள்ளியில் பதிக்கப் போய்விடும், மணிக்கு வராது. அரிசோனாவின் ஸ்லீப்பிங் பியூட்டி சுரங்கம் 2012-ல் டர்காய்ஸ் எடுப்பதை நிறுத்திய பிறகு நிலைமை இன்னும் இறுக்கம். ரெசின் இல்லாவிட்டால் அந்த மெத்தென்ற கல் மணியாகவே ஆகாது.

மணிக்கோவை:
ஆயிரம் வருடத்துக்கு முன் நியூ மெக்சிகோவின் சாக்கோ பள்ளத்தாக்கில், புவெப்லோ போனிட்டோ என்ற பூர்வகுடிக் குடியிருப்பில் ஆயிரக்கணக்கான டர்காய்ஸ் மணிகளைப் புதைத்தார்கள். மின்சாரம் இல்லை, ரெசின் இல்லை. கல்முனைத் துளைப்பானும் மணற்பாறைப் பலகையும் போதுமாக இருந்தன.

செம்புப்பச்சை:
அந்த வாதம் பாதிதான் நிற்கும். 1930-களின் பொருளாதார வீழ்ச்சியில் இதே சாண்டோ டொமிங்கோ குடும்பங்கள் பழைய பேட்டரிப் பெட்டியையும் கிராமபோன் தட்டையும் அறுத்து, பூர்வகுடிக் கதைகளில் வரும் இடிப்பறவையின் பதக்கம் வைத்த மாலை செய்தார்கள். அவை இன்று அருங்காட்சியகங்களில் இருக்கின்றன. பேட்டரி பிளாஸ்டிக் பாரம்பரியத்துக்குள் வரலாம், ரெசின் வரக்கூடாதா?

மணிக்கோவை:
பேட்டரித் துண்டு தன்னை எதுவாகவும் காட்டிக்கொள்ளவில்லையே! கறுப்பு பிளாஸ்டிக் கறுப்பு பிளாஸ்டிக்காகவே தெரிகிறது. ரெசின் ஏற்றிய மட்டக் கல் உயர்தரக் கல்லின் நிறத்தைக் காட்டி, அதன் விலையைக் கேட்கிறது. என் கோபம் அங்கேதான்.

உப்புத்தாள்:
விலையில் ஒளிப்பதை நானும் எதிர்க்கிறேன். மதிப்பை மாற்றும் பதனத்தை விற்பவர் சொல்லியாக வேண்டும் என்று அமெரிக்க வணிக விதிகளே சொல்கின்றன. 1990-ம் வருட பூர்வகுடிக் கலைச் சட்டம் வேறு சங்கதி. பூர்வகுடி அல்லாதவர் செய்ததைப் பூர்வகுடி வேலை என்று விற்றால் முதல் தடவையே 2,50,000 டாலர் வரை அபராதம், 5 வருடம் வரை சிறை. செய்தவர் யார் என்பதுதான் அதன் கேள்வி. இரண்டையும் குழப்பினால் கேவாவின் உண்மையான கைவினைஞர்தான் போலி என்று பெயர் வாங்குவார்.

அதோடு, ரெசின் ஏற்றிய கல்லை, தூளைப் பசையில் அழுத்திய கட்டியோடு ஒன்றாக்காதீர்கள். டர்காய்ஸ் போலக் காட்டச் சாயம் ஏற்றிய ஹவ்லைட், மேக்னசைட் என்ற வெள்ளைக் கற்கள் இன்னும் மட்டம். துளைக்குள் பத்து மடங்கு லென்ஸ் வைத்துப் பாருங்கள்: சாயக்கல் என்றால் உள்ளே வெள்ளை தெரியும், விரிசலில் நிறம் தேங்கியிருக்கும். அசிட்டோன் தொட்ட பஞ்சில் பெரும்பாலும் நீலம் ஒட்டும். சூடான ஊசி வேண்டாம். ரெசின் ஏற்றிய உண்மைக் கல்லும் பிளாஸ்டிக் வாடைதான் அடிக்கும், மணி பாழாவதுதான் மிச்சம்.

கடலோரம்:
கல்லைப் பற்றியே பேசுகிறீர்களே, சிப்பியை ஏன் விட்டீர்கள்? மாலையில் பாதி அதுதான். கலிபோர்னியா வளைகுடாவின் ஒலிவெல்லா, ஆரஞ்சு நிற முள்சிப்பி, கறுத்த பேனாச்சிப்பி எதற்கும் ரெசின் தேவையில்லை. நவஹோ மாலையின் அடியில் தொங்கும் ஜக்லா என்ற மணி வளையங்களைப் பாருங்கள். ஒரு காலத்தில் காதில் போட்டவை, நடுவில் சோளமணி போலச் சிப்பித் துண்டுகள் இருக்கும்.

இங்கே கெடுவது வேறு மாதிரி. டர்காய்ஸ் சிப்பியைவிடக் கெட்டி. இரண்டையும் ஒரே கம்பியில் கோத்துத் தேய்த்தால் சிப்பி சீக்கிரம் இளைத்து, மாலை மேடும் பள்ளமுமாகிவிடும். தனித்தனியாகத் தேய்த்து, பிறகு கலந்து கோப்பதே முறை. துளை விளிம்பை மழுக்காமல் விட்டால் பருத்தி நூலை அதுவே அறுக்கும். தூள் நுரையீரலுக்கு ஆகாது, தண்ணீரும் முகமூடியும் இல்லாமல் உட்காரக் கூடாது.

மணிக்கோவை:
சிப்பி விஷயத்தில் எனக்குச் சண்டை இல்லை. கல்லுக்கு ரசீதில் இரண்டு வரி போதும்: செய்தவர் பெயரும் ஊரும் ஒன்று, இயற்கைக் கல்லா ரெசின் ஏற்றியதா என்பது இன்னொன்று. உறுதியாகத் தெரிந்தால் மட்டும் சுரங்கத்தின் பெயர். அதற்கு மேல் "பாரம்பரியம்" என்ற சொல் ரெசின் கல்லுக்கு வேண்டாம்.

உப்புத்தாள்:
ரசீது சரி, எழுதட்டும். அந்தச் சொல்லை மட்டும் விட்டுத்தர மாட்டேன். ஒரு முழம் மணியைச் சீராகத் தேய்த்து இறக்குகிற விரல் அழுத்தம் தலைமுறையாக வந்தது. கல்லில் என்ன ஏற்றினார்கள் என்பதற்காக அந்தக் கையிடமிருந்து அதைப் பிடுங்க உங்களுக்கும் எனக்கும் உரிமை இல்லை. கேவாக்காரர்கள் சொல்லட்டும்.