புதுப்பிப்பு: 10 நிமிடத்தில் மறையும் அலைநீளம், காரணம் பிடிபட்டது

ஒளியிழை நெட்வொர்க்கில் கன்ட்ரோலர் (கருவிகளை மையமாக இயக்கும் மென்பொருள்) வழியாகப் போட்ட புது அலைநீளம் (தரவைச் சுமக்கும் ஒளித் தடம்) சரியாக 10 நிமிடத்தில் காணாமல் போகிறது என்று கேட்டிருந்தேன். ஃபைபரும் இல்லை, ஆம்ப்ளிஃபயரும் இல்லை, நெட்கான்ஃப் (நெட்வொர்க் கருவிகளின் கான்ஃபிகரேஷனை மாற்றும் நெறிமுறை) கமிட்தான், அதாவது மாற்றத்தை அமலாக்கும் கட்டளைதான்.

கன்ஃபர்ம்ட் கமிட் என்றால் மாற்றம் தற்காலிகமாக அமலாகும்; அவகாசத்துக்குள் இரண்டாவது கமிட் வந்து உறுதிசெய்யாவிட்டால் பழைய நிலைக்கே திரும்பிவிடும் (ரோல்பேக்). இதற்கு நெறிமுறை தரும் இயல்பு அவகாசம் 600 விநாடி. ரோடம் (அலைநீளங்களைப் பிரித்துத் திசைமாற்றும் கருவி) ஒவ்வொன்றாகப் பவரைச் சமன்செய்ய அதைவிட நேரம் பிடித்தது. கன்ட்ரோலரோ அதெல்லாம் முடிந்த பிறகுதான் இரண்டாவது கமிட்டை அனுப்பும். அதற்குள் ரோல்பேக்.

அவகாசத்தை 1800 விநாடி ஆக்கினால் மட்டும் போதாது. நடுவில் செஷன் (கருவியுடனான நெட்கான்ஃப் இணைப்பு) அறுந்தாலும் கருவி பழைய கான்ஃபிகரேஷனுக்குத் திரும்பிவிடும். முதல் கமிட்டிலேயே பெர்சிஸ்ட் டோக்கன் (செஷன் போனாலும் அந்தக் கமிட்டை அடையாளம் காட்டும் குறிச்சொல்) கொடுங்கள். வேறு செஷனிலிருந்து உறுதிசெய்யும்போது பெர்சிஸ்ட்-ஐடி என்ற அளவுருவில் அதே டோக்கன் எழுத்துப் பிசகாமல் வர வேண்டும். ஸ்கிரிப்ட் ஒவ்வொரு முறையும் புது டோக்கன் உருவாக்கினால் கதை கந்தல்.

கன்ஃபர்ம்ட் கமிட் அறிவிப்பில் 'டைம்அவுட்' என்று வந்திருந்தால் உங்களுக்கும் இதே நோய்தான்.