பெரியம்மாவின் கிண்டிலுக்கு மர்ம நாவல்கள்

குழு: ஆயர் ஈத்தாம் குடும்பம்

சனிக்கிழமை

மல்லிகா பெரியம்மா, காலை 9.12
அனைவருக்கும் காலை வணக்கம். கண்புரை அறுவைக்குப் பிறகும் அச்சுப் புத்தகங்களின் சிறிய எழுத்து எனக்கு ஒத்துவராததால் முகிலன் கிண்டில் என்னும் மின்வாசிப்பான் ஒன்றை வாங்கிக் கொடுத்திருக்கிறான். எழுத்தைப் பெரிதாக்கி ஒரு மணி நேரம் படித்துப் பார்த்தேன். கண் கூசவில்லை, நீரும் வடியவில்லை. பினாங்கு குயின் ஸ்திரீட் கடைகளில் மாத நாவல் வாங்கி வந்து ஒரே இரவில் முடித்தவள் நான். துப்பறியும் கதைகளை மறுபடியும் படிக்க மனம் ஏங்குகிறது. கடையில் என்றால் பின்னட்டையைப் படித்து, நடுவில் இரண்டு பக்கம் புரட்டிவிட்டு முடிவு செய்வேன். இதிலோ அட்டைப் படங்கள் முடிவில்லாமல் வந்துகொண்டே இருக்கின்றன. எதிலிருந்து தொடங்குவது என்று சொல்லுங்கள்.

செல்வம் மாமா, காலை 9.31
அக்கா, தமிழில் துப்பறியும் நாவல் பிறந்த காலத்திலிருந்தே தொடங்குங்கள் என்பேன். ஜே. ஆர். ரங்கராஜு 1908இல் ‘இராஜாம்பாள்’ எழுதி, துப்பறியும் கோவிந்தனை நமக்குத் தந்தார். அவரையும் வடுவூர் துரைசாமி ஐயங்காரையும் ஆரணி குப்புசாமி முதலியாரையும் நம் தாத்தா தலைமுறை எப்படி விழுந்து விழுந்து படித்தது என்று அப்பா சொல்லக் கேட்டிருக்கிறோம் அல்லவா? அக்காலத்து நூல்கள் பலவற்றைத் தமிழ் இணையக் கல்விக்கழகத்தின் மின்நூலகத்தில் இலவசமாகவே பெறலாம்.

முகிலன், காலை 9.44
மாமா, அப்படிப்பட்ட நூல் ஒன்றை நேற்றிரவு ஏற்றிப் பார்த்தேன். அது அச்சுப் பக்கங்களை அப்படியே படமெடுத்த கோப்பு. எழுத்தை மட்டும் பெரிதாக்க வழியில்லை. பக்கம் முழுவதும் பெரிதாகி, ஒவ்வொரு வரியின் பாதியும் திரைக்கு வெளியே போய்விடுகிறது. அம்மாவுக்கு அது கண்வலியைத்தான் கொடுக்கும்.

கவிதா, காலை 10.20
பெரியம்மா, வணக்கம். கோலாலம்பூரில் செந்தூலிலிருந்து மஸ்ஜித் ஜாமெக் வரை எல்.ஆர்.டி. ரயிலில் போகும்போதும் வரும்போதும் மின்வாசிப்பானில் நான் படிப்பவை பெரும்பாலும் மர்ம நாவல்களே. அந்த அனுபவத்தில் சொல்கிறேன்: அச்சில் நன்றாக இருக்கும் எல்லா மர்மக் கதையும் இந்தக் கருவியில் நன்றாக இருந்துவிடாது. மர்மக் கதை படிப்பவர்கள் பின்னோக்கிப் புரட்டுபவர்கள். பதினைந்தாம் அத்தியாயத்தில் ஒரு சந்தேகம் எழுந்தால், மூன்றாம் அத்தியாயத்தில் அந்த வேலைக்காரர் கதவைப் பற்றி என்ன சொன்னார் என்று பார்க்கக் கை தானாகப் பின்னே போகும். தாளில் இடப்பக்கத்தின் அடியில் படித்தது என்று கண்ணுக்கு நினைவிருக்கும். இங்கே எழுத்தின் அளவை மாற்றினாலே பக்கம் மாறிவிடுவதால் அந்த நினைவு உதவாது. ஆகவே நூலைத் தேர்ந்தெடுக்கும்போது நான் முதலில் கேட்டுக்கொள்வது, இதைப் பின்னால் திரும்பாமல் படிக்க முடியுமா என்பதைத்தான்.

அகதா கிறிஸ்டியை எடுத்துக்கொள்ளுங்கள். அவருடைய துப்பறிவாளர் பொய்ரோ அறிமுகமாகும் ‘தி மிஸ்டீரியஸ் அஃபேர் அட் ஸ்டைல்ஸ்’ 1920இல் வந்தது. அதில் எந்த அறை எதற்குப் பக்கத்தில் இருக்கிறது என்பது முக்கியம் என்பதால் வீட்டின் வரைபடமே அச்சாகியிருக்கிறது. ஆறங்குலத் திரையில் அந்தப் படத்தின் எழுத்துகள் கடுகாகத் தெரிகின்றன. அதை அச்சிலேயே படிக்கலாம். அவருடைய 1939ஆம் ஆண்டு நாவலான ‘அண்ட் தென் தேர் வேர் நன்’ அப்படியல்ல. ஒரு தீவு, பத்துப் பேர், ஒவ்வொருவராக இறக்கிறார்கள், கதை முன்னால் மட்டுமே ஓடுகிறது. மின்வாசிப்பானுக்கு அதுவே ஏற்றது.

செல்வம் மாமா, காலை 10.41
கவிதா, நீ சொல்வது நியாயமாகத்தான் இருக்கிறது. ஆனால் அக்கா இத்தனை ஆண்டுகள் கழித்துப் படிக்கத் தொடங்கும்போது முதல் புத்தகம் தமிழாக இருக்க வேண்டும் என்பதில் நான் உறுதியாக இருக்கிறேன்.

கவிதா, காலை 10.58
அதில் எனக்கு மாற்றுக் கருத்தே இல்லை, மாமா. கிண்டிலில் தமிழ் நூல்கள் 2016 இறுதியிலிருந்து விற்பனைக்கு வருகின்றன. அவை பக்கப் படங்களாக இல்லாமல் எழுத்தாகவே இருப்பதால் எவ்வளவு வேண்டுமானாலும் பெரிதாக்கலாம். பெரியம்மா, சுஜாதாவின் ‘நைலான் கயிறு’ உங்களுக்கு மிகவும் பொருந்தும். 1968இல் குமுதத்தில் தொடராக வந்த நாவல். வழக்கறிஞர் கணேஷ் முதலில் தோன்றுவது அதில்தான். தொடராக வந்த கதைகளுக்கு ஒரு குணம் உண்டு: ஒரு வாரம் இடைவெளி விட்டுப் படிப்பவர் மறந்திருப்பார் என்று எண்ணி எழுதியவை ஆதலால், தேவையானதை எழுத்தாளரே நினைவூட்டிவிடுவார். நாம் பின்னால் போக வேண்டியதில்லை. அதற்கடுத்து ‘கொலையுதிர் காலம்’ படியுங்கள். நடப்பது பேயின் வேலையா மனிதரின் வேலையா என்று கணேஷும் அவருடைய உதவியாளர் வசந்தும் குழம்பும் இடங்களை இரவில் தனியாக இருக்கும்போது படிக்க வேண்டாம் என்பது மட்டும் என் வேண்டுகோள்.

ராஜேஷ்குமார் ஆயிரத்து ஐந்நூறுக்கும் மேற்பட்ட நாவல்கள் எழுதியவர். ஒரு பேருந்துப் பயணத்தில் ஒன்றை முடித்துவிடலாம். அவற்றுள் தேர்ந்தெடுக்க ஒரே வழி மாதிரிப் பகுதியை இறக்கிப் பார்ப்பது. நூலின் தொடக்கத்தில் ஏறத்தாழ பத்தில் ஒரு பங்கை இலவசமாகத் தருகிறார்கள். அது முடியும்போது உங்கள் மனத்தில் ஒரு கேள்வி நின்றால் வாங்குங்கள். இல்லையென்றால், எத்தனை பேர் புகழ்ந்திருந்தாலும் விட்டுவிடுங்கள். நான் இந்த விதியை மீறி வாங்கிய நான்கு நூல்களும் பாதியிலேயே கிடக்கின்றன.

மல்லிகா பெரியம்மா, காலை 11.15
நன்றி அம்மா. கான்வென்டில் படித்த ஆங்கிலம் இன்னும் கொஞ்சம் மிச்சமிருக்கிறது. மெதுவாகப் படித்தால் புரியும். நம் மலேசியாவில் நடக்கும் மர்மக் கதைகளை யாராவது எழுதியிருக்கிறார்களா?

கவிதா, காலை 11.40
எழுதியிருக்கிறார்கள், பெரியம்மா. கடினமான சொல் வந்தால் அதன்மேல் விரலை வைத்து அழுத்தினால் பொருள் தெரியும் என்பதால் ஆங்கிலத்துக்கு நீங்கள் அஞ்ச வேண்டாம்.

யாங்ஸி சூ எழுதிய ‘தி நைட் டைகர்’ 2019இல் வெளிவந்தது. 1930களின் ஈப்போவும் பத்து காஜாவும் கதைக்களம். இறந்துபோன தன் முதலாளியின் வெட்டப்பட்ட விரலை 49 நாள்களுக்குள் தேடிக் கண்டுபிடிக்க வேண்டிய ஒரு சிறுவன், புலியாக மாறும் மனிதரைப் பற்றிய அச்சம் என்று நம் பாட்டி சொன்ன கதைகளின் வாசம் அதில் வீசுகிறது. ஷாமினி ஃபிளின்ட்டின் ‘இன்ஸ்பெக்டர் சிங்’ வரிசையின் முதல் நாவல் கோலாலம்பூரில் நடக்கிறது. சிங்கப்பூரிலிருந்து அனுப்பப்படும் அந்தச் சீக்கிய அதிகாரியை உங்களுக்குப் பிடித்துவிடும். டான் டுவான் எங்கின் ‘தி ஹவுஸ் ஆஃப் டோர்ஸ்’ பினாங்கில் நடக்கிறது. 1911இல் கோலாலம்பூர் விக்டோரியா கல்விக்கழகத்தின் தலைமையாசிரியர் பங்களாவில் எத்தல் பிரவுட்லாக் ஒருவரைச் சுட்டுக் கொன்ற உண்மை வழக்கு அதனுள் வருகிறது. ஆனால் அது நிதானமாக நகரும் நாவல். கொலையாளி யார் என்ற விறுவிறுப்புக்காக அதை எடுக்காதீர்கள்.

இன்னொருவரைச் சொல்லாமல் இருக்க முடியவில்லை. 1959 முதல் 1962 வரை கோலாலம்பூரில் நெதர்லாந்துத் தூதராக இருந்த ராபர்ட் வான் குலிக், பழஞ்சீனத்தின் நீதிபதி டீ துப்பறியும் நாவல்களை எழுதினார். அவற்றுள் சில முதலில் கோலாலம்பூரிலேயே அச்சாயின. பினாங்கில் சீனப் பெயர்களோடு வாழ்ந்து பழகிய உங்களுக்குப் பாத்திரங்கள் குழம்பமாட்டா. ஒன்றை மட்டும் கவனியுங்கள். அந்நூல்களின் முன்பக்கத்தில் பாத்திரங்களின் பட்டியல் இருக்கும். கிண்டிலோ நூலைத் திறந்ததும் பெரும்பாலும் முதல் அத்தியாயத்திலேயே நிறுத்திவிடும். பட்டியல் இருப்பதே தெரியாமல் ஒரு நாவலை முழுக்க அல்லாடிப் படித்தேன். எந்த நூலானாலும் அட்டைக்குத் திரும்பிப் போய் அங்கிருந்து தொடங்குங்கள்.

முகிலன், பகல் 12.05
அக்கா, அமைப்புகளில் நான் மாற்றித்தர வேண்டியது ஏதாவது இருக்கிறதா?

கவிதா, பகல் 12.16
இருக்கிறது, தம்பி. பலர் அடிக்கோடிட்ட வரிகளைக் காட்டும் வசதியை உடனே அணைத்துவிடு. துப்பறியும் கதையில் ஒரு சாதாரண வாக்கியத்தின்கீழ் கோடு தெரிந்தால், துப்பு அங்கேதான் இருக்கிறது என்று பிறர் காட்டிக்கொடுத்ததாகிவிடும். திரையின் கீழ் இடது மூலையைத் தட்டத் தட்ட, எத்தனை விழுக்காடு முடிந்தது என்ற குறிப்பும் மறைந்துவிடும். நாவலில் இன்னும் மூன்றில் ஒரு பங்கு மீதமிருப்பது தெரிந்தால், இப்போது கைதானவர் குற்றவாளி இல்லை என்பதும் தெரிந்துவிடுகிறதே.

அத்துடன் பழைய நூல்களை இலவசமாகத் தரும் குட்டன்பர்க் திட்டத்தின் தளத்திலிருந்து வில்கி காலின்ஸின் ‘தி மூன்ஸ்டோன்’ நாவலை இறக்கி வை. 1868இல் வந்தது, இந்தியாவிலிருந்து கொள்ளையடிக்கப்பட்ட வைரம் ஒன்று இங்கிலாந்தில் களவுபோகும் கதை. தலையணை அளவுள்ள அந்தப் புத்தகத்தைப் பெரியம்மா கையில் தாங்கிப் படிக்கவே முடியாது. கிண்டிலில் அதற்கும் ஒரு சிறுகதைக்கும் எடை ஒன்றுதான். ஷெர்லாக் ஹோம்ஸின் நான்கு நாவல்களும் 56 சிறுகதைகளும் அங்கேயே கிடைக்கின்றன. கண் களைப்பதற்குள் ஒன்று முடிந்துவிடும் என்பதால் சிறுகதைகளை முதலில் கொடு.

செல்வம் மாமா, பகல் 12.30
அக்கா, ‘இராஜாம்பாள்’ கோப்பை என் கணினியின் பெரிய திரையில் திறந்து வைக்கிறேன். நீங்கள் பட்டர்வொர்த்துக்கு வரும்போது நான் வாசித்துக் காட்டுகிறேன்.

திங்கட்கிழமை

மல்லிகா பெரியம்மா, இரவு 8.47
‘நைலான் கயிறு’ மாதிரிப் பகுதியை நேற்று முடித்தேன். மனத்தில் ஒரு கேள்விக்குப் பதிலாக மூன்று கேள்விகள் நின்றன. உடனே முழு நூலையும் வாங்கச் சொல்லிவிட்டேன். பெயர்களை நாள்காட்டித் தாளின் பின்புறத்தில் எழுதி வைத்துக்கொண்டே படிக்கிறேன். செல்வம், நீ இதை எப்போதோ படித்திருப்பாய். நான் முடிக்கும்வரை தொலைபேசியில் கூட ஒரு சொல்லும் சொல்லாதே. முகிலன், அடுத்ததாக அந்த வைரக் கதையை ஏற்றி வை.