கர்ப்பப்பையை எடுக்கச் சொன்னாங்க: நகரி, திருத்தணிப் பக்கத்துப் பெண்களின் அனுபவம்

நகரி, தறிக்காரர் வீடு, வயசு 43

எங்க ஊர் ஆந்திராவுல, தமிழ்நாட்டு எல்லையில இருக்கு. வீட்ல பேசுறது தமிழ், தெருவுல இறங்கினா தெலுங்கு. நாலு தறி ஓடுது. நான் தார் (நாடாவுக்குள்ள வைக்கிற நூல்கட்டை) சுத்துவேன், ஆள் வரலைன்னா தறியையும் பார்த்துக்குவேன். ரெண்டு வருஷம் முன்னாடி மாதவிலக்கு ஒழுங்கு கெட்டுச்சு. அஞ்சு நாள்ல நின்னது பத்து நாள், பன்னெண்டு நாள்னு இழுத்துச்சு. ரெண்டு நாப்கின் சேர்த்து வச்சாலும் ஒரு மணி நேரம் தாங்காது. கட்டி கட்டியா போகும். எங்க பாட்டி இதைத்தான் பெரும்பாடுன்னு சொல்வாங்க. நிக்கிற வயசு வருதில்ல, அப்படித்தான் இருக்கும்னு எல்லாரும் சொன்னாங்க. நானும் அப்படியே நம்பிட்டேன்.

ஒண்ணை மட்டும் யார்கிட்டயும் சொல்லல. அரிசி களையும்போது ஒரு பிடி அள்ளி வாயில போட்டுக்குவேன். போகப்போக ஒரு நாளைக்கு ஒரு டம்ளர் பச்சரிசியாச்சு. மடியில முடிஞ்சு வச்சு மென்னுக்கிட்டேதான் தார் சுத்துவேன். ஒரு நாள் அறுந்த இழையை முடிச்சுப் போடக் குனிஞ்சவளால நிமிர முடியல. தறிச் சத்தம் பக்கத்து ஊர்ல கேக்குற மாதிரி ஆயிடுச்சு. சட்டத்தைப் பிடிச்சுக்கிட்டு அங்கேயே உக்காந்துட்டேன்.

ஒரு தனியார் ஆஸ்பத்திரிக்குப் போனோம். ஸ்கேன்ல கர்ப்பப்பை பருத்திருக்கு, 3 சென்டிமீட்டர்ல ஃபைப்ராய்டு கட்டி இருக்குன்னு வந்துச்சு. "பிள்ளைங்க பொறந்தாச்சு கதா அம்மா, சஞ்சி தீசேத்தாம் (பையை எடுத்துடலாம்). விட்டா கேன்சர்ல கொண்டு போய் விட்டுடும்"னாங்க. அடுத்த திங்கட்கிழமைக்குத் தேதியும் குறிச்சுட்டாங்க. கேன்சர்னு காதுல விழுந்த பிறகு எனக்கு வேற எதுவும் கேக்கல. வீட்டுக்காரர் நகையை எடுத்துக்கிட்டு அடகுக்கடைக்குக் கிளம்பிட்டார்.

திருத்தணியில இருக்கிற என் தங்கச்சிதான் போன்ல சத்தம் போட்டு, அங்க அரசு ஆஸ்பத்திரிக்கு இழுத்துட்டுப் போனா. அந்த டாக்டரம்மா கீழ் இமையை இழுத்துப் பார்த்தாங்க, நகத்தைப் பார்த்தாங்க. அப்புறம் மெதுவா, "அரிசி, சாம்பல், ஐஸ்கட்டி இப்படி ஏதாவது தின்னணும்னு தோணுதாம்மா?"ன்னு கேட்டாங்க. எனக்கு அழுகை வந்துடுச்சு. உடம்புல இரும்புச்சத்து வத்திப் போனா அப்படி ஒரு வெறி வருமாம். ஹீமோகுளோபின் 12 இருக்கணும், எனக்கு 6.4 இருந்துச்சு.

ஃபைப்ராய்டுங்கிறது கர்ப்பப்பைத் தசையில வளர்ற சாதாரணக் கட்டி, புற்றா இருக்கிறது ரொம்ப ரொம்ப அபூர்வம், மாதவிலக்கு நின்ன பிறகு பெரும்பாலும் தானா சுருங்கிடும்னு படம் போட்டுக் காட்டினாங்க. ஆனா நாப்பது தாண்டி இப்படிப் போனா சந்தேகத்தை வச்சுக்கக் கூடாதுன்னு மெல்லிசுக் குழாய் விட்டு உள்தோல் துளி எடுத்து சோதனைக்கு அனுப்பினாங்க. வலிச்சது, பொய் சொல்ல மாட்டேன். ஆனா ரெண்டு நிமிஷத்துல முடிஞ்சது. தைராய்டு குறைஞ்சாலும் உதிரம் அதிகமாப் போகும்னு அந்த ரத்தமும் எடுத்தாங்க. எல்லாம் சரியா வந்துச்சு.

முதல்ல இரும்புச்சத்து டிரிப், ஒரு நாள் விட்டு ஒரு நாள், அஞ்சு தடவை. அதிகமாப் போற நாள்ல மட்டும் உதிரத்தைக் குறைக்கிற டிரனெக்ஸாமிக் ஆசிட் மாத்திரை. காலுலயோ நுரையீரல்லயோ ரத்தம் உறைஞ்சவங்க அதைப் போடக் கூடாதாம், கேட்டுக்கிட்டுதான் எழுதினாங்க. டிரிப் முடிஞ்ச பிறகு இரும்பு மாத்திரை, எலுமிச்சை ஜூஸோட. டீ, காபி குடிச்ச கையோட போட்டா உடம்புல சேராது. மலம் கறுப்பாப் போனா பயப்படாதீங்க, மாத்திரைதான் காரணம். ரெண்டு வாரத்துல பச்சரிசி ஆசை விட்டுப் போச்சு.

அப்புறம் கர்ப்பப்பைக்குள்ள மிரீனான்னு ஒரு சின்னக் கருவி வச்சாங்க. காப்பர்-டி மாதிரிதான் இருக்கும், ஆனா ஹார்மோன் கசியும். முதல் நாலு மாசம் சொட்டுச் சொட்டா கறை பட்டு எரிச்சலா இருந்துச்சு. இப்போ மாசத்துக்கு ரெண்டு நாள் லேசாத்தான். போன மாசம் ஹீமோகுளோபின் 12.1.

பள்ளிப்பட்டு பக்கம், கரும்பு வேலை, வயசு 46

நகரித் தங்கச்சி, உனக்குப் போன் பண்ண ஒருத்தி இருந்தா. எனக்கு அப்போ 31 வயசு. வெள்ளைப்படுது, இடுப்பு வலின்னுதான் போனேன். பையை எடுத்தாங்க, கூடவே ரெண்டு சினைப்பையையும் எடுத்துட்டாங்க. அது எனக்கு அப்போ தெரியவே தெரியாது. ரொம்ப வருஷம் கழிச்சு வேற டாக்டர் பழைய காகிதத்தைப் படிச்சுச் சொன்னப்பதான் தெரிஞ்சது. நாத்தம், அரிப்போட வர்ற வெள்ளைக்குப் பெரும்பாலும் சில நாள் மாத்திரையும் உள்ளே வைக்கிற மருந்துமே போதுமாம்.

ஒரு மாசத்துல உடம்பு பத்திக்கிட்டு எரிஞ்சது. மார்கழிக் குளிர்ல சேலை நனைஞ்சு எந்திரிப்பேன். 44 வயசுல வழுக்கி விழுந்தேன், மணிக்கட்டு முறிஞ்சது. எலும்பு அறுபது வயசுக்காரி மாதிரி இருக்குன்னாங்க. சினைப்பை போனா ஈஸ்ட்ரோஜன் நின்னுடும், சின்ன வயசுல எடுத்தவங்களுக்கு இயல்பா நிக்கிற ஐம்பது வயசு வரைக்கும் அந்த ஹார்மோனைக் கொடுக்கணுமான்னு பார்த்திருக்கணும்னு அந்த டாக்டர் சொன்னார். அதுவரைக்கும் யாரும் ஒரு வார்த்தை சொல்லல. இப்போ கால்சியம், விட்டமின் டி, நடை. எங்க தெருவுல மட்டும் ஏழு பேர், எல்லாருமே நாப்பதுக்கு முன்னாடி எடுத்தவங்க.

கிராம சுகாதார செவிலியர், திருத்தணி வட்டாரம்

அக்கா சொல்றது எல்லைக்கு ரெண்டு பக்கமும் நடக்குது. 2019-21 தேசியக் குடும்ப நலக் கணக்கெடுப்புல, கர்ப்பப்பை எடுத்த பெண்கள் அதிகம் இருக்கிற மாநிலங்கள்ல ஆந்திரா முன்வரிசையில இருக்கு. தேவையில்லாம எடுக்கிறதைத் தடுக்க மத்திய அரசு கொடுத்த வழிமுறைகளை எல்லா மாநிலமும் அமல்படுத்தணும்னு 2023 ஏப்ரல்ல உச்ச நீதிமன்றமே சொல்லியிருக்கு. கேன்சர் பயம் இருந்தா 30 வயசுக்கு மேல ஆரம்ப சுகாதார நிலையத்துல கர்ப்பப்பை வாய் சோதனை இலவசமாப் பண்றோம், வாங்க. உடலுறவுக்கு அப்புறம் ரத்தம் பட்டாலோ, மாதவிலக்கு நின்னு ஒரு வருஷம் கழிச்சு மறுபடி பட்டாலோ அன்னைக்கே வாங்க.

புத்தூர், டெய்லர், வயசு 48

கர்ப்பப்பையை எடுத்ததால நல்லா இருக்கிறவ நான், அதையும் எழுதணும். எனக்கு ஒரே கட்டி இல்ல, ஏழெட்டு. அஞ்சு மாச வயிறு மாதிரி தெரியும். அது அழுத்தி ஒரு பக்கம் கிட்னி வீங்கிடுச்சு. மாத்திரை, ஊசி எல்லாம் பார்த்த பிறகுதான் எடுத்தாங்க, சினைப்பை ரெண்டையும் விட்டுட்டாங்க. ஆறு வாரம் மிஷினைத் தொடல. இப்போ முழு நாளும் உக்காந்து தைக்கிறேன்.

நகரி

பள்ளிப்பட்டு அக்கா எழுதினதை என் நாத்தனாருக்குப் படிச்சுக் காட்டினேன். அவளுக்கு 34 வயசு. எனக்கு வந்த மாதிரியே ஒரு ஸ்கேன் ரிப்போர்ட்டை மூணு மாசமா அரிசி டின் மேல வச்சிருக்கா. சினைப்பையையும் எடுப்பாங்களான்னு கேட்டா, எனக்குப் பதில் தெரியல. புதன்கிழமை ரெண்டு பேரும் திருத்தணி பஸ் ஏறுறோம்.