எருசலேம்னா சமாதான நகரமா, இல்ல ஒரு தெய்வத்தோட பேரா?

பெரேயா_வாசகன்:
ஒரு வீடியோவுல எருசலேம்ங்கற பேரே கானானியர் தெய்வம் ஒண்ணுகிட்டேர்ந்து வந்ததுன்னு அடிச்சு சொல்றாங்க. என்னால ஏத்துக்க முடியல. எபிரெயர் 7:2 சாலேமின் ராஜான்னா சமாதானத்தின் ராஜான்னு நேராவே சொல்லுது, சங்கீதம் 76:2ல சாலேமும் சீயோனும் ஒண்ணாத்தான் வருது. வேதமே அர்த்தம் சொன்னப்புறம் வெளில எதுக்கு தேடணும்?

களிமண்_ஏடு:
பிரதர், அந்த வசனம் அர்த்தம் சொல்றது சாலேமுக்கு மட்டும்தான், முன்னாடி நிக்கற "யெரு"வுக்கு இல்ல. எபிரெயத்துல நகரம்னா "ஈர்", "யெரு" இல்ல. "யெரு"ங்கறத அஸ்திவாரம் போடற வினையோடதான் நிறைய அறிஞர்கள் சேர்க்கறாங்க, யோபு 38:6ல பூமிக்கு கோடிக்கல் வைக்கற இடத்துல வருதே அதே வினை. 2 நாளாகமம் 20:16ல யெருவேல்னு ஒரு வனாந்தரம் இருக்கு பாருங்க, ஏல், அதாவது தேவன், நிறுவினதுன்னு அர்த்தம். அதே அச்சுல வச்சுப் பாத்தா எருசலேம்னா சாலேம் நிறுவினது. இந்த சாலேம் சாலிம்ங்கற தெய்வம்தான்னு சொல்றாங்க, சிரியாவுல இருந்த உகாரித்ங்கற பழைய ஊரோட களிமண் ஏடுகள்ல வர்ற அந்திப்பொழுது தெய்வம், கூடப் பொறந்தது விடியல் தெய்வம்.

சீயோன்_மகள்:
அண்ணா, நியாயாதிபதிகள் 19:10ல அந்த ஊர் பேரு எபூசுன்னு தானே இருக்கு? அப்ப எருசலேம்ங்கறது தாவீது பிடிச்சப்புறம் இஸ்ரவேலர் வச்ச பேராத்தானே இருக்கணும்.

களிமண்_ஏடு:
இல்லம்மா, ரொம்ப பழசு. 1887ல எகிப்துல அமர்னாவுல கிடைச்ச கடிதங்கள்ல உருசலிம்னு இருக்கு, அப்திகேபான்னு அந்த ஊர் தலைவன் பார்வோனுக்கு படை அனுப்புங்கன்னு கெஞ்சி எழுதறான், கிமு 14ம் நூற்றாண்டு. அதுக்கும் முன்னாடி எகிப்தியர் எதிரி ஊர் பேரையெல்லாம் பானையில எழுதி சாபம் போட்டு உடைச்சிருக்காங்க, அந்தப் பட்டியல்லயும் இந்தப் பேர் இருக்கறதாத்தான் வாசிக்கறாங்க. தாவீது வர்றதுக்கு பல நூறு வருஷம் முன்னாடியே ஊரும் இருந்துச்சு பேரும் இருந்துச்சு.

பெரேயா_வாசகன்:
பழசுங்கறது வேற, தெய்வம் பேருங்கறது வேற. பாகாலையும் அஸ்தரோத்தையும் மோளேகையும் பேர் சொல்லி கண்டிச்ச வேதம் சாலிமைப் பத்தி ஒரு வார்த்தை பேசலையே, தலைநகரத்தோட பேர்லயே ஒரு அந்நிய தெய்வம் உக்காந்திருந்தா எரேமியா சும்மா விட்டிருப்பாரா?

களிமண்_ஏடு:
எரேமியாவோட சொந்த ஊரே ஆனதோத், அதுல ஆனாத்ங்கற பெண் தெய்வம் பேர் இருக்குன்னுதான் பொதுவா சொல்றாங்க. பெத்ஷிமேஸ்னா சூரியன் வீடு, பெலிஸ்தர்கிட்டேர்ந்து கர்த்தரோட பெட்டி திரும்பி வந்து சேர்ந்ததே அங்கதான், யாரும் பேரை மாத்தல. தெய்வத்தை மறந்துட்டாங்க, பேர் மட்டும் ஒட்டிக்கிச்சு.

சீயோன்_மகள்:
பழைய யூத ரபிகள் வேற மாதிரி சொல்றாங்க. ஆபிரகாம் அந்த இடத்துக்கு யீரேன்னு பேர் வச்சார், ஆதியாகமம் 22:14, நோவாவோட மகன் சேம் சாலேம்னு வச்சார், ரெண்டு நீதிமான்கள்ல யாரையும் வருத்தப்படுத்தக் கூடாதுன்னு தேவன் ரெண்டையும் சேர்த்துட்டாராம். வரலாறா இதை நிரூபிக்க முடியாது, ஆனா அந்த ஊரை அவங்க எவ்வளவு நேசிச்சிருக்காங்கன்னு இதுல தெரியுது, எனக்கு அது முக்கியம்.

பெரேயா_வாசகன்:
அருமை சிஸ்டர். களிமண் பிரதர், என் கேள்வி ஒண்ணுதான். ஆதியாகமம் 14:18ல சாலேமோட ராஜா மெல்கிசேதேக்கு ஆசாரியனா இருந்தது ஏல் எலியோனுக்கு, உன்னதமான தேவனுக்கு. ஊரை நிறுவினதே சாலிம்னா அந்த ஊர் ராஜா ஏன் சாலிமுக்கு ஆசாரியனா இல்ல? இதுக்கு பதில் சொல்லுங்க.